சென்னையில் ஓட்ட ஒரு சின்ன அட்வென்ச்சர் பைக்: எக்ஸ்பல்ஸா, வி-ஸ்ட்ராமா, பழைய ஹிமாலயனா?

வாரத்தில் ஐந்து நாள் ஆபீஸ், நீண்ட விடுமுறை வந்தால் மலை, இரண்டுக்கும் ஒரே வண்டி. இந்த ஆசையோடு யோசனை கேட்கிறவர்கள் கையில் பெரும்பாலும் மூன்று பெயர்கள் இருக்கும்: ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210, சுசூகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ், செகண்ட் ஹேண்டில் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. யூடியூப் வீடியோக்கள் எல்லாம் பார்த்து முடித்திருப்பார்கள். டார்க் எவ்வளவு, டேங்க் எத்தனை லிட்டர் என்பதெல்லாம் மனப்பாடம். ஆனாலும் முடிவுக்கு வர முடியாது. அந்த வீடியோக்களில் பாதி லடாக்கிலும் ஸ்பிதியிலும் எடுத்தவை. நம் வண்டி நிற்கப்போவதோ மத்திய கைலாஷ் சிக்னலில்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னைக்காரருக்கு இந்த விஷயத்தில் மலைக்குக் கடைசி இடம்தான். தினமும் ஓடும் முப்பது கி.மீ., பின்சீட்டில் ஏறப்போகிறவர், மலை அடிவாரம் வரைக்குமான நேர் நெடுஞ்சாலை, இந்த மூன்றையும் பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

கால் எட்டுகிறதா. அட்வென்ச்சர் வண்டிகளின் சீட் 800 மி.மீ.-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஐந்தடி ஐந்தங்குலம் உள்ள ஒருவருக்கு 830 மி.மீ. சீட்டில் இரண்டு காலின் விரல்நுனிதான் தரையைத் தொடும். காலியான ரோட்டில் இது பழகிவிடும். பள்ளிக்கரணைப் பக்கம் அக்டோபர் மழையில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது, எங்கே பள்ளம் என்று தெரியாமல் கால் ஊன்ற வேண்டி வருமே, அங்கேதான் சோதனை. தண்ணீருக்கடியில் ஓர் அங்குலம் பள்ளம் கூடினாலும் வண்டி சாய்ந்துவிடும்.

பின்னால் யார். தனியாக ஓட்டுகிறவர் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். மனைவியோ அம்மாவோ வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ஏறுவார்கள் என்றால் இதுதான் முதல் கேள்வி. புடவையில் ஒருபக்கமாக உட்காருகிறவருக்கு உயரமான பின்சீட் ஒரு தண்டனை. ஏறுவதற்குப் பிளாட்பாரம் தேட வேண்டும். அவர் ஏறி உட்காரும் அந்த ஒரு நொடியில் ஓட்டுகிறவரின் இரண்டு காலும் உறுதியாகத் தரையில் இருந்தாக வேண்டும். டூர் போக இடதுபக்கம் பேனியர் (பக்கப் பெட்டி) ஸ்டாண்ட் மாட்டினால் பல நேரம் சாரி கார்டைக் கழற்ற வேண்டியிருக்கும். இதை ஷோரூமில் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை.

நகரத்து ரோடு. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக ஓ.எம்.ஆர்., ஆற்காடு ரோடு, பூந்தமல்லிப் பக்கம் என்று பல இடங்களில் வருஷக்கணக்கில் தோண்டினார்கள். தோண்டிய இடத்தில் இரும்புத் தகடு, மூடிய இடத்தில் பள்ளம், மூடியதை மறுபடி தோண்டிய இடத்தில் மேடு. நீளமான சஸ்பென்ஷன் இங்கே ஆடம்பரம் ஆகாது, முதுகுக்குக் கிடைக்கும் நிவாரணம். ஆனால் கட்டை வைத்த ஆஃப்ரோடு டயர், நனைந்த இரும்புத் தகட்டில் சாதா டயரைவிடச் சீக்கிரம் வழுக்கும்.

நெடுஞ்சாலை. சென்னையைச் சுற்றி எல்லாம் தட்டை. நாகலாபுரம் மலையை விட்டுவிட்டால், ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் 200 கி.மீ.-க்கு மேல் போக வேண்டும். ஏற்காடு, கொல்லிமலை என்றால் 350-ஐத் தாண்டும். அதாவது இந்த வண்டிகள் எதற்காகப் பிறந்தனவோ அந்த ரோட்டைப் பார்ப்பதற்கு முன்னால், மூன்று நான்கு மணி நேரம் லாரிக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் நடுவே நேராக ஓட்டியாக வேண்டும். நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2018-இல் வைத்த உச்சவரம்பு 80 கி.மீ. எனவே 120 போகுமா என்ற கேள்வியை விட்டுவிடலாம். 80-இல் கை மரத்துப்போகாமல் இரண்டு மணி நேரம் ஓட்ட முடிகிறதா, லாரியைத் தாண்ட வேண்டிய இடத்தில் உடனே முறுக்கு (டார்க்) கிடைக்கிறதா, இவைதான் பார்க்க வேண்டியவை.

பஞ்சரும் சர்வீஸும். இதைப் பற்றி ஒவ்வொரு வண்டியிலும் தனியாகச் சொல்கிறேன்.

மொத்தச் செலவு. போஸ்டரில் உள்ள விலை ஆரம்பம் மட்டுமே. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்கு ஆயுள் வரி 12 சதவீதம். இரண்டு லட்ச ரூபாய் வண்டி என்றால் இதுவே 24,000. அதற்குமேல் காப்பீடு, பதிவு, ஷோரூம்காரர் தானாகச் சேர்த்துவிடும் ஆக்சஸரி பில். அந்தக் கடைசி பில்லை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. கார்டும் மொபைல் ஹோல்டரும் ஜி.பி. ரோட்டில் பேரம் பேசி வாங்கலாம்.

## எண்களில் மூன்றும்

| | எக்ஸ்பல்ஸ் 210 | வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் | ஹிமாலயன் 411 (பழையது) |
|---|---|---|---|
| எஞ்சின் | 210 சிசி, லிக்விட் கூலிங் | 249 சிசி, ஆயில் கூலிங் | 411 சிசி, காற்றும் ஆயிலும் |
| சக்தி (பிஎச்பி) | சுமார் 24 | சுமார் 26 | சுமார் 24 |
| டார்க் (நியூட்டன் மீட்டர்) | 20.7 | 22.2 | 32 |
| கியர் | 6 | 6 | 5 |
| எடை (கிலோ) | சுமார் 170 | 167 | 199 |
| சீட் உயரம் (மி.மீ.) | 830 | 835 | 800 |
| கிரவுண்ட் கிளியரன்ஸ் (மி.மீ.) | 220 | 205 | 220 |
| சக்கரம் முன்/பின் (அங்குலம்) | 21/18, ஸ்போக் | 19/17, அலாய் | 21/17, ஸ்போக் |
| டயர் | ட்யூப் | ட்யூப்லெஸ் | ட்யூப் |
| டேங்க் (லிட்டர்) | 13 | 12 | 15 |

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். 210 சிசியும் 411 சிசியும் ஒரே சக்திதான். வித்தியாசம் அது எங்கே கிடைக்கிறது என்பதில். ஹிமாலயனுக்கு முழு முறுக்கும் 4,000, 4,500 ஆர்.பி.எம்.மிலேயே வந்துவிடும். மற்ற இரண்டையும் 7,000-க்கு மேல் இழுத்தால்தான் முழு முறுக்கு. டிராஃபிக்கில் கியர் மாற்றி மாற்றி அலுத்துப்போகிறவருக்கு இது பெரிய விஷயம்.

## ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210

பழைய எக்ஸ்பல்ஸ் 200 வந்தது 2019-இல். அதன் சஸ்பென்ஷனை எல்லாரும் பாராட்டினார்கள். நெடுஞ்சாலையில் 90-ஐத் தொட்டதும் எஞ்சின் திணறுவதை எல்லாரும் குறைசொன்னார்கள். 2025-இல் வந்த 210 அந்தக் குறைக்கான பதில். ஆறாவது கியர் சேர்ந்தது, லிக்விட் கூலிங் வந்தது. 80, 85-இல் இப்போது நிம்மதியாக ஓடுகிறது.

இதன் உண்மையான பலம் நகரத்துக்குள்தான் தெரியும். முன்னால் 210, பின்னால் 205 மி.மீ. சஸ்பென்ஷன் நகர்வு. ஸ்பீடு பிரேக்கரைப் பார்த்து பிரேக் பிடிக்கும் பழக்கமே உங்களுக்கு மெதுவாகக் குறைந்துவிடும். வேளச்சேரி உள்தெருக்களில் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளங்கள் மேல் இது போவதைப் பார்த்தால், இந்த ஊருக்கென்றே செய்த வண்டியோ என்று தோன்றும். மேலே தூக்கி வைத்த சைலன்சர் மழைக்காலத்தில் இன்னொரு தைரியம். அதற்காக முழங்கால் தண்ணீரில் இறங்குவதை நான் சிபாரிசு செய்யவில்லை.

இனி குறைகள். பிரேக் அழுத்திப் பிடித்தால் முன்பக்கம் நன்றாகத் தாழும். நீளமான சஸ்பென்ஷனின் விலை அது. சீட் ஒல்லி. ஓட்டுகிறவருக்கு இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும், பின்னால் இருப்பவருக்கு அதற்கு வெகுமுன்பும் நெளிய வேண்டிவரும். ஏப்ரல், மே மாதங்களில் சிக்னலில் ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது காலில் சூடான காற்று அடிக்கும். லிக்விட் கூலிங் வண்டி எதுவானாலும் இது உண்டு.

மறைந்திருக்கும் செலவு டயரில். ட்யூப் டயர் என்பதால் ஆணி குத்தினால் பல நேரம் காற்று மொத்தமாக இறங்கிவிடும். சக்கரத்தைக் கழற்றி, ட்யூபை வெளியே எடுத்து ஒட்டித்தான் மாட்ட வேண்டும். சென்னைக்குள் இது பிரச்சினையே இல்லை, தெருவுக்கு ஒரு பஞ்சர் கடை. ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் ஏற்றத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் கதை வேறு. 21 அங்குல முன்ட்யூப் எல்லாக் கடையிலும் இருக்காது, ஒன்றை நீங்களே பையில் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டியோடு வரும் கலப்பு டயர் நம் வெயிலில் காய்ந்த தாரில் தேய்கிற வேகமும் அதிகம். இரண்டாவது செட் டயருக்கு இப்போதே ஒரு தொகை ஒதுக்கிவிடுங்கள்.

சாதகமான பக்கம் சர்வீஸ். ஹீரோவின் சர்வீஸ் சென்டர் சிறிய ஊர்களிலும் உண்டு. ஒரு விஷயம் மட்டும்: ஸ்ப்ளெண்டர் பார்த்துப் பழகிய மெக்கானிக் எல்லாரும் எக்ஸ்பல்ஸ் பார்த்துப் பழகியவர்கள் இல்லை. சென்னையில் எந்தக் கிளையில் இந்த மாடல் அதிகம் வருகிறது என்று விசாரித்து அங்கேயே தொடர்ந்து விடுவது நல்லது.

யாருக்கு: பெரும்பாலும் தனியாகப் போகிறவர்; உயரம் ஐந்தடி ஏழு அல்லது அதற்கு மேல்; வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவே ரோடு என்ற பெயரில் எதுவும் இல்லாதவர்; மண் ரோட்டில் இறங்கிப் பார்க்கும் ஆசை உண்மையிலேயே உள்ளவர். மூன்றில் புது வண்டியாகக் குறைந்த விலையும் இதுதான்.

## சுசூகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ்

இந்த வண்டியைப் பார்த்து ஆஃப்ரோடு ஆட்கள் சிரிப்பார்கள். முன்சக்கரம் 19, சஸ்பென்ஷன் நகர்வு 120 மி.மீ. அளவில், பின் ஏபிஎஸ்ஸை (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி) அணைக்க முடியாது, ஸ்போக் கிடையாது. அவர்கள் சொல்வது சரி. ஆனால் அவர்கள் கேட்கும் கேள்வி உங்களுடையது இல்லை.

2022-இல் வந்த இந்த வண்டியின் எஞ்சின் ஜிக்ஸர் 250-இலிருந்து எடுத்தது. மிருதுவானது, 80, 90-இல் நடுக்கமே தெரியாது. திண்டிவனம் வரை போய்வந்தால் கையில் மரப்பு இல்லை, காதில் எஞ்சின் கத்தல் இல்லை. முன்கண்ணாடி சின்னதுதான். ஆனாலும் ஈ.சி.ஆரில் கோவளத்தைத் தாண்டியதும் கடற்காற்று பக்கவாட்டில் தள்ளுமே, அந்த இடத்தில் வண்டி தடுமாறாமல் நிற்கிறது. 33 முதல் 36 கி.மீ. மைலேஜ் எதிர்பார்க்கலாம். 12 லிட்டர் டேங்கில் 350 கி.மீ. தாராளமாகப் போகும். விடியற்காலையில் தாம்பரத்தில் டேங்க்கை நிரப்பினால் சேலம் வரை பெட்ரோல் பங்கைத் தேட வேண்டாம்.

இரண்டு பேர் போவதற்கு மூன்றில் இதுதான் முதலிடம். பின்சீட் அகலம், பிடித்துக்கொள்ள உறுதியான கைப்பிடி, பின்னால் சாமான் வைக்கத் தட்டு, எல்லாம் கம்பெனியே கொடுக்கிறது. ஆனால் சீட் உயரம் 835 மி.மீ. பேப்பரில் இதுதான் மூன்றிலும் அதிகம். எடை குறைவு என்பதால் ஒரு காலை முழுதாக ஊன்றிச் சமாளிக்க முடிகிறது. ஒருபக்கமாக உட்காரும் அம்மாவுக்கு இதுவும் கஷ்டம்தான், அதில் சந்தேகம் வேண்டாம். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருகிறவர் என்றால் சௌகரியம்.

ட்யூப்லெஸ் டயரின் அருமை இரவு பத்து மணிக்குத் தெரியும். ஆணி குத்தினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும். ஒரு ஸ்ட்ரிப் கிட்டும் கைக்கு அடக்கமான காற்று பம்பும் இருந்தால் சக்கரத்தைக் கழற்றாமல் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். கூட வருகிறவரை ரோட்டோரத்தில் நிற்கவைக்கும் நேரம் குறைவு என்பதே போதுமான காரணம்.

இதற்கும் விலை உண்டு. ஆழமான பள்ளத்தில் வேகமாக இறங்கினால் அலாய் சக்கரம் வளையலாம், விரிசல் விடலாம். ஸ்போக்கைப் போல நிமிர்த்திக் கம்பி மாற்றிவிட முடியாது. விரிசல் விட்ட அலாயை வெல்டு வைத்து ஓட்டச் சொல்லும் கடைகளும் இருக்கின்றன. அந்தப் பேச்சை நம்பாமல் புது சக்கரத்துக்குச் செலவழியுங்கள். கீழே தணிந்திருக்கும் எஞ்சினுக்கு ஒரு நல்ல பேஷ் பிளேட்டும் (அடிப்பக்கக் காப்புத் தகடு) போட்டுக்கொள்ள வேண்டும்.

சுசூகி சர்வீஸ் சென்னையில் போதுமான அளவு உண்டு. மலைப்பக்கத்துச் சிறு ஊர்களில் ஹீரோ அளவுக்குக் கிடையாது. விழுந்து எழுந்தால் இண்டிகேட்டரோ ஃபேரிங் துண்டோ வர நாள் பிடிக்கலாம்.

இன்னொரு விஷயம். குறைந்த ஆர்.பி.எம்.மில் இந்த எஞ்சின் சோம்பேறி. இரண்டு பேர், சாமான், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு என்றால் முதல் இரண்டு கியரை விட்டு மேலே போகவே முடியாது. மெதுவாக, கியர் போட்டு, ஏறிவிடும்.

யாருக்கு: வாரநாளில் ஓ.எம்.ஆர்., வாரக்கடைசியில் பாண்டி, திருவண்ணாமலை, ஏலகிரி, துணையோடு போகிறவர், வண்டியைப் பற்றி யோசிக்காமல் ஓட்ட மட்டும் விரும்புகிறவர். கேட்கிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு என் பதில் இதுவாகத்தான் இருக்கிறது.

## பழைய ஹிமாலயன் 411

2016-இல் வந்து 2023 இறுதியில் நின்றுபோன வண்டி. அதன் இடத்தில் வந்த 450, பணத்திலும் சக்தியிலும் வேறு வகுப்பு. ஆகவே 411 வேண்டும் என்றால் செகண்ட் ஹேண்ட்தான்.

ஏன் இன்னும் கேட்கிறார்கள்? சீட் 800 மி.மீ. இந்த வகை வண்டிகளில் ஐந்தடி நான்கு, ஐந்தடி ஐந்து உயரமுள்ளவர் தைரியமாகக் கால் ஊன்றக்கூடியது இதுதான். அடிமட்ட முறுக்கு அபாரம்: மூன்றாவது கியரில் போட்டுவிட்டால் கிண்டியிலிருந்து வடபழனி வரை அப்படியே உருட்டலாம். மலையில் இரண்டு பேரோடும் சாமானோடும் ஏறும்போது கியரைத் தேட வேண்டியதில்லை. 15 லிட்டர் டேங்க். சர்வீஸ் விஷயத்தில் சென்னைக்காரருக்கு இது சொந்த ஊர் வண்டி, கம்பெனியே இங்கேதான். ஏரியாவுக்கு ஒரு புல்லட் மெக்கானிக் இருப்பார், சின்னச் சாமான்கள் புதுப்பேட்டையிலும் கிடைக்கும்.

ஆனால் 199 கிலோ. ஓடும்போது அது தெரியாது. அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் இரண்டு ஸ்கூட்டருக்கு நடுவிலிருந்து பின்னால் இழுக்கும்போது, மே மாதம் பகல் ஒரு மணிக்குத் தெரியும். உங்கள் பார்க்கிங் சரிவாக இருந்தால் இந்த வண்டியை மறந்துவிடலாம். வேகத்திலும் 90-க்கு மேல் அதற்கு விருப்பமில்லை. மைலேஜ் 28 முதல் 30.

மறைந்திருக்கும் செலவுகளும் இதில்தான் அதிகம். மூன்றாம் நபர் காப்பீட்டில் 350 சிசி ஒரு கோடு. 2022-இல் அரசு நிர்ணயித்த கட்டணப்படி 150 முதல் 350 சிசி வரை ஆண்டுக்கு 1,366 ரூபாய், அதைத் தாண்டினால் 2,804, வரி தனி. சக்தி ஒன்றுதான், காப்பீடு மட்டும் இரண்டு மடங்கு. பெட்ரோலையும் பார்ப்போம். தினம் 30 கி.மீ., மாதம் 25 நாள் என்றால் 750 கி.மீ. 28 கொடுக்கும் வண்டிக்கும் 35 கொடுக்கும் வண்டிக்கும் மாதம் ஐந்து லிட்டருக்கு மேல் வித்தியாசம். லிட்டர் நூறு ரூபாய் கணக்கில் ஐந்நூறு ரூபாய்க்கு மேல்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை கொஞ்சம் விரிவாக, ஏனென்றால் பணம் போவது இங்கேதான். சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன்சக்கரத்தை மேலே தூக்கி ஹேண்டிலை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்புங்கள். நடுவில் ஓர் இடத்தில் பிடித்து நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போய்விட்டது என்று அர்த்தம். விலையில் குறைக்கச் சொல்லலாம். செயின், ஸ்ப்ராக்கெட், ஃபோர்க் ஆயில் சீலில் ஈரம், ஸ்போக் தளர்வு, எல்லாம் பாருங்கள். முடிந்தால் 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகை விதி) வண்டியாகப் பாருங்கள், அதில்தான் பின் ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதி வந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியம், வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் கிடந்தன. கழுவி, பாலிஷ் போட்டு விற்கப்பட்டவையும் உண்டு. சீட்டைக் கழற்றி ஒயரிங் கனெக்டர்களைப் பிரித்துப் பாருங்கள். பச்சைக் களிம்பு இருக்கிறதா? ஹெட்லைட்டுக்குள் மண் கோடு? பேட்டரி டப்பாவின் அடியில் காய்ந்த சேறு? பழைய காப்பீட்டு கிளெய்ம் விவரம் கேளுங்கள். தர மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம். ஆர்.சி. மாற்றம், லோன் இருந்தால் ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவு (ஹைபாதிகேஷன்) ரத்து, வேறு மாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.) இங்கே மறுபடி கட்ட வேண்டிய வரியும் எல்லாம் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். பெங்களூரில் மலிவாகக் கிடைக்கிறது என்று போகிறவர்கள் அந்தக் கடைசி விஷயத்தைத்தான் கணக்கில் விடுகிறார்கள்.

யாருக்கு: உயரம் குறைவு, அவசரம் கிடையாது, மலைப்பயணம் அதிகம், நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் கைவசம். கடைசி நிபந்தனை இல்லாதவர் வேறு பக்கம் பார்க்கலாம்.

## வாங்காமலே இருப்பது

இதையும் ஒரு வழியாக வைத்துப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஒரு 125 சிசி வண்டி நல்ல நிலையில் இருக்கிறது, வருஷத்துக்கு இரண்டு மூன்று முறைதான் வெளியூர் என்றால், அதையே ஓட்டிக்கொண்டு டூருக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கலாம். 55 கி.மீ. கொடுக்கும் வண்டியில் அதே 750 கி.மீ. ஓட்ட 14 லிட்டர் கூட வேண்டாம். வி-ஸ்ட்ராமோடு ஒப்பிட்டால் மாதம் எழுநூறு எண்ணூறு ரூபாய் மிச்சம். ஒரு வருஷத்து மிச்சத்தில் சில நாள் வாடகை வந்துவிடும். கடன் வட்டி, காப்பீடு, தேய்மானம் எல்லாம் தனி.

வாடகை வண்டியில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் அது முறையாக வாடகைக்குப் பதிவானது. வெள்ளைப் பலகை வண்டியைச் சிலர் மலிவாகத் தருவார்கள். விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனம் கை விரித்துவிட வாய்ப்பு உண்டு.

நீண்ட விடுமுறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள் என்பதும், பழக்கமில்லாத வண்டியில் கொண்டை ஊசி வளைவு ஏறுவதும் இதன் பாதகங்கள். நகரத்துப் பள்ளங்களில் உங்கள் முதுகுக்கு எந்த நிவாரணமும் கிடையாது என்பது இன்னொன்று.

## மற்றவை ஏன் பட்டியலில் இல்லை

ஹிமாலயன் 450 பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். அருமையான வண்டி, 40 பிஎஸ் சக்தி, 196 கிலோ எடை. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 350 சிசி வரை 18 சதவீதமாக இறங்கியது, அதற்கு மேல் 40 ஆக ஏறியது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும் புது வண்டிகளோடு இதை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

ஹோண்டா சிபி200எக்ஸ், பிறகு என்எக்ஸ்200 என்று பெயர் மாறியது, அட்வென்ச்சர் உடை போட்ட ஆபீஸ் வண்டி. முன்னும் பின்னும் 17 அங்குலச் சக்கரம், 167 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ். சீட் 810 மி.மீ., எடை 150 கிலோவுக்குள். உடையைப் பற்றிக் கவலைப்படாவிட்டால் குடும்பத்துக்கு ஏற்றதுதான்.

கேடிஎம் 250 அட்வென்ச்சர் வேகப் பிரியர்களுக்கு. ஓசூர் டிவிஎஸ் 2025 அக்டோபரில் கொண்டுவந்த அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300 இந்த விலையில் 36 பிஎஸ் தருகிறது, வி-ஸ்ட்ராமுக்கு நேரடிப் போட்டி. எஞ்சின் புத்தம் புதியது என்பதால் சென்னையின் இரண்டு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் தாண்டிய வண்டிகளைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்பது என் எண்ணம். பொறுமை இல்லாதவர்கள் இரண்டையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

## ஷோரூமுக்குப் போகும்போது

டெஸ்ட் ரைடுக்குப் பின்னால் உட்காரப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஷோரூம் வாசலில் ஒரு சுற்று போதாது. ஒரு மேம்பாலம், ஒரு மோசமான உள்தெரு, ஒரு யு-டர்ன், அவ்வளவும் கேளுங்கள். நீங்கள் தினமும் போடும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு போங்கள். உயரமான ஷூவில் எல்லாச் சீட்டும் தணிந்துதான் தெரியும்.

காப்பீடு எடுக்கும்போது எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் இருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரண முழுக் காப்பீட்டில், தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததால் வரும் சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் தரமாட்டார்கள். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் செல்ஃபை அழுத்தாமல் தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விடுவதுதான் முறை, கவர் இருந்தாலும்.

டிசம்பரில் வாங்குவதென்றால் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். வருஷக் கடைசியில் பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தருவார்கள். ஐந்தாறு வருஷம் ஓட்டப்போகிறவருக்கு அது லாபம்தான். இரண்டு வருஷத்தில் விற்கும் எண்ணம் இருந்தால் ஜனவரி வரை பொறுத்துப் புது வருஷ வண்டியாக எடுங்கள், விற்கும்போது முதலில் கேட்பது எந்த வருஷம் என்றுதான்.